எட்டு மணி மாத்திரை

பிப்ரவரி 7

என் வயிற்றில் இருந்தது பிள்ளை இல்லையாம்.

மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ஆனால் ஐந்து மாத வயிறு. ஓயாத வாந்தி. இரட்டைப் பிள்ளையோ என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்த பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தாள்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா திரையை என் பக்கம் திருப்பினார். தலை, கை, கால் எதுவும் இல்லை. குலை குலையாகத் திராட்சை. இருட்டுக்குள் யாரோ அள்ளித் தெளித்த மாதிரி நூற்றுக்கணக்கான சின்னக் குமிழ்கள்.

"முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்கம்மா. கரு சேரும்போதே தப்பா சேந்துருச்சு. பிள்ளை உருவாகாம நஞ்சுக்கொடி மட்டும் கொத்துக் கொத்தா வளந்திருக்கு. நீங்க எதையும் செஞ்சதால வரல, செய்யாம விட்டதாலயும் வரல."

நேற்று மயக்க மருந்து கொடுத்து உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். நான் அழவில்லை. பக்கத்துக் கட்டில் பெண் முகம் துடைக்கத் துண்டு கொடுத்தாள்.

யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று: திரையில் அது அழகாக இருந்தது.

பிப்ரவரி 9

வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் டாக்டர் என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பேசினார்.

அந்தக் கொத்தில் ஒரு துளி உள்ளே தங்கியிருந்தாலும் ரத்தத்தில் ஓர் எண் காட்டிக்கொடுக்குமாம். வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எண் இறங்கி இறங்கி இல்லாமலே போக வேண்டும்.

"அது வரைக்கும், அதுக்கு மேலயும் ஆறு மாசம், நீங்க உண்டாகக் கூடாது. ஏன்னா பிள்ளை உண்டானாலும் இதே எண்தான் ஏறும். ஏறுனது பிள்ளையா நோயான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்க முடியாமப் போயிரும்."

"நோய்னா?" என்று இவர் கேட்டார். பூ வண்டி ஓட்டும் கை. மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"புத்துநோய். நுரையீரலுக்குப் போற வகை. ஆனா நேரத்தோட பிடிச்சுட்டா சுத்தமா குணமாகும். அதுக்குத்தான் சொல்றேன், எனக்கு அந்த எண் கலங்காம வேணும்."

பிறகு ஃபிலோமினா சிஸ்டரிடம் அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணில் மின்னலடிக்கிற மாதிரி ஒற்றைத் தலைவலி வருமா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறாயா, பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு இவர் சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு.

கையில் ஓர் அட்டை. கருத்தடை மாத்திரை. மூன்று வரிசை வெள்ளை, கடைசி வரிசை மட்டும் செங்கல் நிறம்.

"வெள்ளைதான் வேலை செய்றது. கடைசி வரிசை வெறும் இரும்புச் சத்து, பழக்கம் விட்டுப்போகாம இருக்கறதுக்கு. அது சாப்பிடறப்ப தீட்டு வரும். அட்டை முடிஞ்ச மறுநாளே அடுத்த அட்டை. ஒரு நாள்கூட இடைவெளி விடக்கூடாது. எப்பவும் ஒரே நேரத்துக்குப் போடு."

"மறந்துட்டா, சிஸ்டர்?"

"ஒண்ணு மறந்தா ஞாபகம் வந்த உடனே போடு. அன்னைக்கு ரெண்டு போட வேண்டி வந்தாலும் சரி. ரெண்டு, அதுக்கு மேல விட்டுட்டா எனக்கு போன் பண்ணு. நீயா ஒரு கணக்குப் போடாத."

பிள்ளைக்காக மூன்று வருடம் காத்திருந்தவள் நான். அந்த அட்டையை வாங்கியபோது என் முகம் எப்படி இருந்ததோ, சிஸ்டர் என் தோளைத் தொட்டார்.

பிப்ரவரி 10

காலை எட்டு மணி, இட்லி சாப்பிட்ட கையோடு முதல் மாத்திரை. கொத்தமல்லி விதை அளவுதான். "என்னத்தா அது?" என்றார் அத்தை. "சத்து மாத்திரைம்மா" என்று இவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அத்தைக்கு, கரு கலைந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும்.

பொய் எனக்குப் பிடிக்கவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை.

பிப்ரவரி 23

லேபுக்கு வேலைக்குப் போய்விட்டேன். நாங்கள் செய்வது பல் செட். மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குவது என் வேலை. நின்று போயிருந்த மூன்று பேருடைய பற்களை முடித்தேன்.

குமட்டல் இருக்கிறது. கர்ப்பத்தில் வந்த அதே குமட்டல். சிஸ்டரிடம் கேட்டேன். முதல் ஒன்றிரண்டு அட்டைக்கு அப்படித்தான் இருக்கும், திட்டுத் திட்டாகத் தீட்டும் படலாம், அதற்காக நிறுத்திவிடாதே என்றார். வெறும் வயிற்றில் போட வேண்டாமாம்.

மார்ச் 3

எண் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, இந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது, முட்டையைக் கொன்றுவிடுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். பயந்து பயந்துதான் கேட்டேன்.

"கொல்றதாவது. உன் மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. மாசா மாசம் அதுதான் சினைப்பைக்கு ஆள் அனுப்பி ஒரு முட்டையை எழுப்பிவிடும். இந்த மாத்திரை போனா, எழுப்ப வேண்டிய அவசியமில்லன்னு அது இருந்துரும். முட்டை பாட்டுக்குத் தூங்கும். வாசல்ல சளி கெட்டியாகி அடைச்சுக்கும். நீ நிறுத்துனா மறுபடி எழுப்பும். அம்புட்டுதான்."

பஸ் வாடிப்பட்டி தாண்டும் வரை என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. இத்தனூண்டு மாத்திரை, வயிற்றில் கரைந்து, தலைக்குள் இருக்கும் பட்டாணியிடம் போய்ப் பேசுகிறது. அதுவும் கேட்டுக்கொள்கிறது. என்னைக் கேட்காமல் எனக்குள் இத்தனை பேச்சுவார்த்தை. நான் பிறக்கும்போதே என் முட்டைகள் எல்லாம் என்னோடு பிறந்துவிட்டனவாம். அவை இப்போது உறங்குகின்றன. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 19

எண் மூன்று இலக்கத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் மேசையைத் தட்டினார். இவர் வரும் வழியில் அல்வா வாங்கினார். எதற்கு என்று அத்தைக்குச் சொல்ல முடியாமல், கல்யாண சீசனில் மல்லிகை விலை ஏறியிருக்கிறது என்றார்.

அலாரம் அடிக்கும் முன்பே இப்போதெல்லாம் கை மாத்திரைக்குப் போகிறது.

ஏப்ரல் 10

நத்தம் பக்கம் இவருடைய ஊரில் சாமி கும்பிடு. கிடா விருந்து. எனக்கு மட்டுமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு வயிறு கெட்டுவிட்டது. மாத்திரை போட்டு அரைமணி நேரத்தில் வாந்தி. மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும் என்று சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து, போட்டேன். அதுவும் வந்துவிட்டது.

ஏப்ரல் 11

வாந்தி, வயிற்றுப்போக்கு. எழுத முடியவில்லை.

ஏப்ரல் 12

கண்மாய்க் கரைக்குப் போனால்தான் போன் எடுக்கிறது. இவர் தோளைப் பிடித்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் பேசினேன்.

"தினமும் ஒண்ணு போடறத நிறுத்தாத. ஆனா ரெண்டு நாள் இப்படிப் போச்சுன்னா, மாத்திரை விட்டதாத்தான் கணக்கு. வயிறு சரியானதுல இருந்து ஏழு நாள் ஒழுங்கா உள்ள போகணும். அது வரைக்கும் உறை இல்லாம சேரக் கூடாது. அவரு பக்கத்துல இருக்காரா? போனக் குடு."

இவர் போனை வாங்கி, "சரிங்க சிஸ்டர். சரிங்க. சரிங்க" என்றார். காது சிவந்துவிட்டது. பிறகு கண்மாயைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வாரம் நான் மாடியில படுத்துக்கறேன் ஜோதி" என்றார். "உறை இருக்குல்ல மாமா" என்றேன். "எதுக்கு வம்பு? கிழிஞ்சு கிடிஞ்சு போச்சுன்னா? டாக்டரம்மாவுக்கு எண் கலங்காம வேணுமாம்ல."

ஏப்ரல் 22

இவர் பத்து நாளாக மாடியில் கொசுவோடு படுக்கிறார். வாரம் முடிந்துவிட்டதைச் சொல்ல வேண்டும். புருஷன் பொண்டாட்டிக்குள் சண்டை என்று நினைத்து அத்தை எனக்கு அறிவுரை சொன்னார்.

ஏப்ரல் 24

எண் இறங்கவில்லை. போன வாரத்தை விடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒரு வாரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார் டாக்டர்.

லேபில் இன்று ஒரு பல்லைத் தப்பாகச் செதுக்கிவிட்டேன். பயம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் போதவில்லை.

மே 2

மறுபடியும் ஏறியிருக்கிறது. இம்முறை நன்றாகவே. திங்கள்கிழமை வீட்டாரோடு வரச் சொன்னார்கள்.

செங்கல் நிற மாத்திரை முடியப் போகிறது. தீட்டு வரவில்லை. ஒழுங்காகப் போட்டாலும் சில மாதம் வராமல் போகலாம் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருக்கிறார். நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாவு அரைத்தேன். இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன்.

மே 3

தலைக்குக் குளிக்கவில்லை என்பது அத்தையின் கண்ணுக்குத் தப்புமா? காலையில் மருந்துக்கடைக்குப் போய் கர்ப்பம் பார்க்கும் கிட்டை வாங்கி வந்து என் கையில் திணித்தார்.

"போ ஆத்தா. போய்ப் பாத்துட்டு வா."

இரண்டு கோடு.

அத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை டப்பாவைத் திறந்து என் வாயில் போட்டார், இவர் வாயில் போட்டார், பக்கத்து வீட்டுக்கும் கிளம்பிவிட்டார். இவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்ததை எழுத மாட்டேன்.

நானும் நம்பினேன். சர்க்கரை வாயில் கரைகிற நேரம் வரைக்கும்.

அந்தக் கிட்டு பிள்ளையைப் பார்ப்பதில்லை. அதே எண்ணைத்தான் பார்க்கிறது. எண் இருந்தால் கோடு விழும். பிள்ளையால் ஏறினாலும் விழும், அந்த நோயால் ஏறினாலும் விழும். இதில் எது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி என் அட்டைகள்.

"அத்தை, போகாதீங்க. இது பிள்ளை இல்ல."

"வாயக் கழுவுடி."

"நான் சாப்பிடறது சத்து மாத்திரை இல்ல அத்தை. கருத்தடை மாத்திரை. தை மாசக் கடைசியில இருந்து ஒழுங்காச் சாப்பிடறேன். பிள்ளை உண்டாக வழியே இல்ல."

அத்தை வாசற்படியிலேயே நின்றார். என்னைத் திட்டவில்லை. இவரைப் பார்த்து, "சத்து மாத்திரைன்னு சொன்னியேடா" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் மதியம் சாப்பிடவில்லை.

மே 5

இன்று நடந்ததை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

அத்தையும் கூட வந்தார். எங்களுக்குத் துணையாக இல்லை. ஊசி போட்டுப் பிள்ளையைக் கரைத்துவிடுவார்கள், தடுக்க வேண்டும் என்று பஸ்ஸில் பின் சீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாகஜோதி, மாத்திரை எங்கயாவது விட்டுப்போச்சா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

சாமி கும்பிட்டில் வாந்தி எடுத்ததைச் சொன்னேன். அப்புறம் என்ன செய்தீர்கள் என்றார். போன் செய்ததையும், மாத்திரையை நிறுத்தாமல் போட்டதையும் சொன்னேன். உறையைப் பற்றிச் சொல்ல அத்தை முன்னால் நாக்கு வரவில்லை. இவர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் மாடியில படுத்துக்கிட்டேங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த இடத்துல நிறைய பேரு 'தெரியல டாக்டர்'னுதான் சொல்லுவாங்க. அப்ப நான் காத்திருந்து பாக்கணும். ஆனா நோய் காத்துட்டு இருக்காது. நீங்க எனக்கு அந்த நாளையெல்லாம் மிச்சம் பண்ணிட்டீங்க."

ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் பிள்ளை இல்லை. சுவரில் ஒரு சின்னத் திட்டு இருந்தது. நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது. புற்றுநோய்க்கான ஊசியை உடனே ஆரம்பிக்க வேண்டும்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தா என்னங்க?" என்றார் அத்தை. "கோடு விழுந்துச்சே. நானே பாத்தேன்."

டாக்டர் கோபப்படவில்லை. பிப்ரவரியில் எடுத்த என் ஸ்கேன் படத்தை எடுத்து அத்தை கையில் கொடுத்தார். "அப்ப இவங்க வயித்துல இருந்தது இதும்மா. இதுல மிஞ்சுன துளிதான் இப்ப வளருது."

அத்தை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது... வெளிய வர்றப்ப மீன்முட்டை மாதிரி இருக்குமா?"

"ஆமா. நீங்க பாத்திருக்கீங்களா?"

அத்தை படத்தை மேசையில் வைத்தார். வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே ஒருத்தி பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டு அத்தை பேசினார்.

"எங்க அக்கா பொன்னுத்தாயி. என்னைவிட நாலு வயசு மூப்பு. இப்படித்தான் உண்டானா. ஒருநா மீன்முட்டை மாதிரி கொத்துக் கொத்தாப் போச்சு. காத்து கருப்புன்னாங்க. அப்புறம் ரெண்டு மாசத்துல மறுபடி தீட்டு நின்னுச்சு, வாந்தி, மயக்கம். பிள்ளைன்னு எல்லாருக்கும் சந்தோசம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா. பிள்ளைய அறுத்துப் போட்டுருவாங்கன்னு எங்கப்பா விடல. வயிறு எழும்பவே இல்ல. பொறவு இருமுனா ரத்தம் வந்துச்சு. காசம்னு சொன்னாங்க. பிள்ளையக் கேட்டுக்கிட்டே செத்தா. எம் பிள்ளை எங்க, எம் பிள்ளை எங்கன்னு."

பேச்சை நிறுத்தி முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

"பிள்ளையே இல்லையா அப்ப? இத்தனை வருசமா அவ வயித்துப் பிள்ளைக்கும் சேத்துல்ல படையல் போடறேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கையை நான் இதற்கு முன் பிடித்ததே இல்லை.

அத்தை எழுந்து உள்ளே போனார். "ஊசி எப்பங்க? இன்னைக்கேவா?" என்று கேட்டது வெளியே கேட்டது.

மே 12

ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி. இடைநாளில் அதைத் தாங்க வேறு மருந்து. வாயெல்லாம் புண். கருத்தடை மாத்திரையும் நிற்கவில்லை. இந்த ஊசி உடம்பில் இருக்கும்போது கர்ப்பமாகவே கூடாதாம். அத்தை மோரில் சோற்றைக் குழைத்துத் தருகிறார். விழுங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜூன் 3

எண் இறங்குகிறது. கல் கிணற்றில் விழுகிற மாதிரி இறங்குகிறது.

ஜூன் 30

எண் இல்லை. தாளில் அந்த இடத்தில், அளக்க முடிந்ததற்கும் கீழே என்று போட்டிருக்கிறது. இல்லாத ஒன்றைக் காட்டும் தாளை மூன்று பேரும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரும் பார்த்தார்.

ஜூலை 28

கடைசி ஊசி. இனி ஒரு வருடம் மாதா மாதம் ரத்தம். ஒரு வருடம் மாத்திரை.

நவம்பர் 9

இவருடைய அத்தை மகள் வீட்டுக் காதுகுத்து. "இன்னும் விசேசம் இல்லையா?" என்று ஒரு கிழவி என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, "அவ நல்லா இருக்கா. அதுவே விசேசந்தான்" என்றார். பிறகு பந்தியில் எனக்கு இரண்டு அப்பளம் வாங்கிப் போட்டார்.

ஜனவரி 17

லேபில் புதிதாகச் சேர்ந்த சங்கீதா, பாட்டி ஊருக்குப் போனால் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவாளாம், வந்து தொடர்வாளாம். அவளை உட்கார வைத்து நிறைய பேசிவிட்டேன். உன் தலைக்குள் ஒரு பட்டாணி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். சந்தேகம் என்றால் நர்ஸைக் கேள் என்று முடித்தேன். மெழுகு முழுவதும் இறுகிப்போய்விட்டது.

ஜூலை 31

ஒரு வருடம் முடிந்தது. எல்லாத் தாளிலும் எண் இல்லை.

டாக்டர் மெஹருன்னிசா கோப்பை மூடினார். "மாத்திரைய நிறுத்திக்கலாம். அட்டை முடியட்டும், அப்புறம் உங்க இஷ்டம். பிள்ளை வேணும்னாலும் பெத்துக்கலாம். உண்டானா சீக்கிரமே ஸ்கேன் பாக்க வாங்க, அவ்வளவுதான். பெரும்பாலும் எல்லாருக்கும் நல்லபடியாத்தான் பிறக்குது."

ஃபிலோமினா சிஸ்டர் பழக்கத்தில் ஒரு புது அட்டையை எடுத்துவிட்டு, சிரித்து, "வேணுமா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் இவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று முறை கேட்க வாயெடுத்தார், எனக்குத் தெரியும். கொடைரோடு வந்ததும் இளநீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அத்தை பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நிறுத்தலாம்னு சொன்னாங்க அத்தை. இனிமே பிள்ளை பெத்துக்கலாமாம்."

மத்து நின்றது. எத்தனை கோயில், எத்தனை நேர்ச்சை இந்த ஒரு வார்த்தைக்காக. எழுந்து கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீ என்ன சொன்ன?" என்றார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தையோ, இவரோ, என் அம்மாவோ இந்த விஷயத்தில் என்னிடம் கேட்டிராத கேள்வி. நானே என்னிடம் கேட்டதில்லை. பிள்ளை வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் என் உடம்பு ஒன்றரை வருடம் ஓடி இப்போதுதான் மூச்சு வாங்குகிறது. அதற்கு இரண்டு பருவமாவது சும்மா இருக்க வேண்டும் போல இருக்கிறது. இதை இன்றுதான், அந்த அடுப்படியில் நின்றுதான் கண்டுபிடித்தேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல அத்தை. கொஞ்சம் போகட்டும்."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். மத்து மறுபடியும் சுற்றத் தொடங்கியது.

"சரி. தோணுறப்பச் சொல்லு."

ஆகஸ்ட் 24

பழைய அட்டை நேற்றோடு முடிந்தது. இன்று காலை எட்டு மணிக்குப் புது அட்டையில் முதல் மாத்திரை போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.